பயிரையும் காப்போம், உயிரையும் காப்போம்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் திரும்ப முடியாது. வீட்டின் பின்புறத்தில் நாலு வரிசை மிளகாய், இரண்டு வரிசை வெண்டை, வேலியோரம் முருங்கை, தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை. பால்மரம் சீவிய காலத்திலும் இது இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் இருக்கிறது. சம்பளம் போதாத மாதங்களில் நம் அடுப்பைக் காத்தது இந்தப் பாத்திதான். ஓய்வு பெற்றவர்களில் சிலர் துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்து, மிளகாயும் கத்தரியும் போட்டு, பசார் மாலாமில் விற்றுக் காலம் தள்ளுகிறார்கள்.

அப்படிப்பட்ட நிலம் ஒன்றை அண்மையில் புக்கிட் ரோத்தான் பக்கம் கண்டோம். மிளகாய்ச் செடிகள் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டன. இலைகள் சிறுத்து, நெளிந்து, வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தன. பூ உதிர்ந்து கிடந்தது. பெரியவர் முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து நின்றார். கையுறை இல்லை; வாயைச் சுற்றி ஒரு துண்டு மட்டும். "நாலு தரம் அடிச்சாச்சுங்க. கடைக்காரர் சொன்ன மருந்தையெல்லாம் வாங்கி அடிச்சேன். இன்னும் எதைத்தான் அடிக்கிறது, சொல்லுங்க" என்றார்.

அன்று அவருக்குப் பதில் சொல்ல நமக்குத் தெரியவில்லை. படித்தும், அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இன்று எழுதுகிறோம். அவருக்காக மட்டுமல்ல, அவரைப்போல் கடனுக்கு மருந்து வாங்கி, தன் மூச்சையும் அதோடு செலவழிக்கும் ஒவ்வொருவருக்காகவும் எழுதுகிறோம்.

செடிகளுக்கு வரும் இத்தகைய நோய்களில் பல, வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருபவை. உலகில் முதன் முதலாக வைரஸ் என்ற ஒன்று உண்டு என்று கண்டதே ஒரு செடியில்தான். புகையிலை இலையில் திட்டுத் திட்டாகத் தோன்றும் நோயை ஆராய்ந்த ருஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் அந்த நோய்ப்பொருள் தாண்டிப் போவதை 1892-ல் கண்டார். 1898-ல் டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் அதற்கு வைரஸ் என்ற சொல்லை வழங்கினார். அன்றிலிருந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும், வயலில் நோய்ப்பட்ட செடிக்குத் தெளித்து வைரஸைப் போக்கும் மருந்து கிடையாது. கடையில் விற்கும் மருந்து பூச்சியைக் கொல்லும், பூஞ்சணத்தைக் கொல்லும், வைரஸைக் கொல்லாது. பெரியவர் நாலு தரம் அடித்தும் செடி தேறாததில் வியப்பில்லை.

ஆனால், இலை சுருண்டால் அதெல்லாம் வைரஸ் என்று முடிவு கட்டிவிடலாகாது. இலைப்பேன் சாற்றை உறிஞ்சினாலும், கண்ணுக்குச் சிக்காத சிறு சிலந்திகள் தாக்கினாலும் மிளகாய் இலை சுருளும். உரச்சத்துக் குறைந்தாலும் இலை வெளுக்கும். நோய் இன்னதென்று அறியாமல் பம்பைத் தூக்குவது, சுரம் எதனால் என்று கேளாமல் ஊசி போடுவதற்கு ஒப்பாகும்.

வைரஸ் தானாக நடந்து வருவதில்லை. அதற்கு ஒரு வாகனம் வேண்டும். மிளகாயில் நரம்புத் திட்டு நோயை உண்டாக்கும் வைரஸ், தீபகற்ப மலேசியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டதாக 1979-ல் மார்டியின் ஆய்வேட்டில் விவரிக்கப்பட்டது. அதற்கு வாகனம் அசுவினி, அதாவது நாம் செடிப்பேன் என்று சொல்லும் பூச்சி. நோயுள்ள செடியில் சில விநாடிகள் மூக்கைக் குத்தினால் போதும், வைரஸ் அதன் வாயில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து நல்ல செடியில் குத்தினால் அடுத்த சில விநாடிகளில் நோய் ஏறிவிடும். பூச்சிமருந்து பட்ட அசுவினி சாகத்தான் செய்யும். ஆனால் சாவதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடும். மேலும் அதே மருந்து, அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் சிலந்தியையும் சேர்த்துக் கொல்கிறது. காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கள்ளனைப் பிடிக்க ஓடும் கதைதான் இது.

நோயைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வட்டாரத்து நெற்பயிரே ஒரு பாடம் சொல்லும். பெர்னாம் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து பாயும் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த நெல்லுக்கு ஒரு பழைய எதிரி உண்டு. இலை மஞ்சளாகிச் செம்மஞ்சளாகி, பயிர் குட்டையாகி, கதிர் பதராகும். மலாய் விவசாயிகள் அதற்குப் பென்யாக்கிட் மேரா, அதாவது சிவப்பு நோய் என்று பெயர் வைத்தார்கள். பேராக்கின் கிரியான் வட்டாரத்தில் 1938-லேயே அது பதிவாயிற்று. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், குறை மண்ணில் இருக்கிறது என்றே கருதினார்கள். 1965-ல்தான் ஊ, ரிவேரா, நவரத்தினம், கோ என்ற நால்வரும் சேர்ந்து, இது வைரஸ் நோய் என்று நிறுவினார்கள். பிலிப்பைன்ஸில் துங்ரோ என்று அழைக்கப்படுவதும் இதுவே. இரண்டு வைரஸ்கள் கூட்டுச் சேர்ந்து செய்யும் நாசம் இது. சுமந்து வருவது பச்சைத் தத்துப்பூச்சி. 1980களின் தொடக்கத்தில் வடக்கே மூடா சமவெளியில் இந்நோய் பெருவாரியாகப் பரவி நெல்லை வாட்டியது.

இந்நோயைக் கட்டுப்படுத்தக் கண்ட வழி என்ன? நோயைத் தாங்கும் நெல்வகை ஒன்று. அதைவிட முக்கியமானது, வட்டாரம் முழுவதும் ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுத்து, இடையில் வயலை வெறுமையாக விடுவது. தத்துப்பூச்சி இந்த வைரஸைச் சில நாட்களுக்கு மேல் சுமக்க முடியாது. தன் முட்டைக்கும் கொடுக்க முடியாது. நோயுள்ள பயிர் வயலில் இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் ஒரே ஒருவர் மட்டும் காலம் தப்பி நட்டால், அல்லது அறுத்த தாளில் முளைத்த பயிரை அப்படியே விட்டுவைத்தால், அவருடைய வயலே அடுத்த போகத்துக்கு நோய் தங்கும் சத்திரமாகிவிடும்.

தோழர்களே, இந்தப் பாடம் நமக்குப் புதிதா? வேலைநிறுத்த நாளில் ஒருவன் மட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள். பயிர் நோயிலும் கதை அதுவே. தனியொருவனின் பம்பு சாதிக்காததை ஊர் கூடிய கட்டுப்பாடு சாதிக்கும்.

நம் முன்னோர் பிறந்த மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. பழனிமலையின் கீழ்ப்பகுதியில் விளைந்த விருப்பாட்சி வாழையின் மணத்தைக் கேள்விப்படாதவர் யார்? அந்த வாழையை முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய் 1970களுக்குப் பிறகு பெருமளவில் அழித்துவிட்டது. இலைகள் குறுகி, கொண்டை போட்டதுபோல் நுனியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. 1913-ல் இலங்கையில் காணப்பட்ட இந்நோய் 1940 வாக்கில் கேரளத்துக்குள் நுழைந்தது. அசுவினி இதைப் பரப்பும். ஆனால் தொலைதூரம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் மனிதனே. நல்ல வாழை என்று கேட்டு வாங்கி நட்ட கன்றிலேயே நோய் ஒளிந்திருந்தது. பின்னர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கி அந்த வாழைக்கு மறுவாழ்வு தேடியது.

ஆஸ்திரேலியாவிலும் இதே நோய் 1920களில் வாழைத் தொழிலை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. மேகீ என்ற ஆராய்ச்சியாளர், அதைப் பரப்புவது அசுவினியே என்று காட்டினார். நோய்கண்ட மரத்தை அழித்தே தீரவேண்டும், கண்ட இடத்துக் கன்றை நடலாகாது என்று சட்டம் வந்தது. ஆய்வாளர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். விவசாயிகளும் கட்டுப்பட்டார்கள். வாழைத் தொழில் பிழைத்தது. அறிவும், சட்டமும், ஒற்றுமையும் சேர்ந்தால் மருந்தில்லாத நோயையும் அடக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் கொல்லைக்கு வருவோம். முதலாவது, நாற்று. நோயுள்ள செடியிலிருந்து விதை எடுக்கலாகாது. நாற்றைச் சன்னமான வலைக்குள் வளர்த்தால் இளம் பருவத்தில் பூச்சி அண்டாது. இரண்டாவது, பழைய செடி. காய்த்து ஓய்ந்த மிளகாயைப் பிடுங்காமல் விட்டு, பக்கத்திலேயே புதுநாற்று நடுவது, நோயாளியின் பாயில் குழந்தையைப் படுக்க வைப்பதாகும். மணத்தக்காளி போன்று மிளகாயின் இனத்தைச் சேர்ந்த களைகளும் வைரஸுக்கு ஒளிவிடமாகலாம். மூன்றாவது, தடுப்பு. வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரிப்பைப் பாத்தியில் போட்டால், அதன் ஒளி பட்டு அசுவினி இறங்கத் தயங்கும். சுற்றிலும் சோளம் நட்டால், பறந்து வரும் அசுவினி முதலில் அதில் குத்தித் தன் வாயிலுள்ள வைரஸை அங்கேயே இழந்துவிடும். நான்காவது, முதல் நோய்ச்செடியைக் கண்டவுடன் தயங்காமல் பிடுங்கிப் பைக்குள் போட்டு அப்புறப்படுத்திப் புதைத்துவிட வேண்டும். காய்க்குமோ என்று பார்த்திருந்தால் வரிசை முழுவதும் போகும். ஐந்தாவது, கை. புகையிலை வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்புடன் இருக்கும். சுருட்டும் சிகரெட்டும் பிடித்த கையால் மிளகாய், தக்காளிச் செடிகளைத் தொடுமுன் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஆனால் ஒருவர் செய்து ஒன்பது பேர் செய்யாவிட்டால் பயனும் இல்லை. அசுவினிக்கு வேலியும் தெரியாது, இனமும் தெரியாது. மலாய்க்காரர் கம்பத்தில் எழுந்த பூச்சி சீனர் காய்கறித் தோட்டத்தில் இறங்கும். அங்கிருந்து நம் பாத்திக்கு வரும். ஆகவே அக்கம்பக்கத்தாரோடு கலந்து பேசி, ஒரே காலத்தில் பழைய செடியை அழித்து, ஒரே காலத்தில் நடுவதே முறை.

தொழிலாளியை நோக்கி உபதேசம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது நமது வழக்கமல்ல. வாடகை நிலம் எந்த நேரமும் கைவிட்டுப் போகலாம் என்ற நிலையில் உள்ளவன், நிலத்தைச் சில வாரம் சும்மா போட்டுவை என்றால் எப்படிப் போடுவான்? இன்று கிடைப்பதை இன்றே பறிக்கத்தான் பார்ப்பான். எனவே பயிரிட நிலம் விடும் தோட்ட நிர்வாகங்களும் நில உரிமையாளர்களும் நியாயமான காலவரையறையை எழுத்தில் கொடுக்க வேண்டும். விவசாய இலாகா அதிகாரிகள் வயற்காட்டோடு நின்றுவிடாமல் தோட்டக் குடியிருப்புகளுக்கும் வர வேண்டும். நோயை இனம் காட்டும் படங்களும் விளக்கமும் நம் மக்களுக்குப் புரியும் தமிழில் வேண்டும். நோயற்ற நாற்று ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். இவை சலுகையல்ல, நாட்டின் உணவைப் பெருக்கும் காரியத்தில் சேர்ந்த கடமை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அவர்கள் சுமந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் பாடம் ஒன்றே. 2002-ல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது; 2006-ல் அத்தடை தளர்த்தப்பட்டது; 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அதை முதுகில் சுமந்தவர்கள் யார்? கை நகம் கெட்டு, கண் எரிந்து, இருமி இருமி வேலைக்குப் போனவர்கள் யார்? தேவையான மருந்துக்கே இவ்வளவு காவல் வேண்டுமென்றால், பயனே தராத மருந்தை அடிக்கச் சொல்லி ஓர் உடம்பைக் கெடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! எந்தப் பயிரானாலும், நோய் இன்னதென்று தெரியாமல் தெளிப்பு வேலைக்கு ஆளை அனுப்பலாகாது. அனுப்பினால் கையுறை, முகக்கவசம், காலணி, குளிக்கத் தண்ணீர், மருத்துவப் பரிசோதனை ஆகிய அனைத்தும் வேலைகொடுப்போர் பொறுப்பு.

நமது மாநிலத்தில் செம்பனை முதன் முதலாக வாணிப முறையில் 1917-ல் நடப்பட்டது இந்தக் கோலசிலாங்கூர் மண்ணில், தெண்ணமாரம் தோட்டத்தில்தான். தென்னைமரம் என்ற நம் சொல்லே அத்தோட்டத்தின் பெயராய் நிற்கிறது. அந்தக் காட்டைத் திருத்தியதும் நம் கைகள். பயிரின் முகம் பார்த்து அதன் குறை அறிந்ததும் நம் கண்கள். அந்தக் கண்ணும் கையும் நமக்கு இன்னும் இருக்கின்றன. இனி வேண்டியது சரியான அறிவும், சேர்ந்து செய்யும் மனமும்.

புக்கிட் ரோத்தான் பெரியவருக்கு நாம் சொல்வது இதுதான்: ஐயா, பம்பை இறக்கி வையுங்கள். நோய்ச்செடியைப் பிடுங்குங்கள். பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அடுத்த நடவை எல்லோரும் ஒன்றாகத் தொடங்குங்கள். மற்றவற்றை இலாகாவிடமும் நிர்வாகத்திடமும் கேட்டுப் பெற நாங்கள் உங்களோடு நிற்கிறோம்.