தொடராக வெளியிடுவது தாழ்வா?



புதினம் எழுதுகின்றவருக்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. நூலாக அச்சிட்டு வெளியீட்டு விழா நடத்துவது ஒன்று. இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயமாக வெளியிடுவது மற்றொன்று. நம் நாட்டு எழுத்தாளர் பலர் முதல் வழியையே மதிப்புக்குரியதாகக் கருதுகின்றனர். இரண்டாவது வழி, 'அச்சிட வசதியில்லாதவர் செய்வது' என்பாரும் உளர். இக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை.

தொடர்கதை இணையத்தோடு பிறந்ததன்று. சார்லஸ் டிக்கன்ஸ் தமது 'பிக்விக் பேப்பர்ஸ்' புதினத்தை 1836-இல் மாதப் பகுதிகளாகவே வெளியிடத் தொடங்கினார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த தொடர்தான். மலேசியாவிலோ, நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளே நம் எழுத்தாளர்களுக்கு நாற்றங்காலாய் அமைந்தன. அவற்றுள் 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. நாற்றங்கால் சுருங்கினால் விதையை வேறிடத்தில் தூவத்தானே வேண்டும்?

இஃது எனக்கு வெறும் வாதமன்று. நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தைக் களமாகக் கொண்டு ஒரு புதினம் எழுதி வருகிறேன். இருபது அத்தியாயங்கள் முடிந்துவிட்டன, இரண்டு எஞ்சியுள்ளன. அத்தோட்டம் இப்பொழுது வீடமைப்புப் பகுதி. பிரட்டுக்களமும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை. அங்கு வாழ்ந்தவர்கள் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் எனச் சிதறிவிட்டனர். 500 படிகள் அச்சிட்டு விழா எடுத்தால் எனக்கு மாலையும் பொன்னாடையும் கிடைக்கலாம். பால்மரம் வெட்டிய அந்தக் கைகளுக்கு நூல் போய்ச் சேருமா? பேரப்பிள்ளையின் கைப்பேசியில் என்றால், அவர்கள் படிக்கலாம். படிக்கச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம்.

நண்பர்கள் கூறும் தடைகள் மூன்று.

முதலாவது, 'கதையைத் திருடிவிடுவார்கள்' என்பது. அச்சு நூலையும் நகலெடுக்கத்தான் செய்கிறார்கள். இதற்காக எழுத்தைப் பூட்டி வைப்பதில் பொருளில்லை.

இரண்டாவது, போட்டி. 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்பது பல புதினப் போட்டிகளின் விதி. இணையத்தில் வந்துவிட்டால் அவ்வாய்ப்பு பறிபோகும். பரிசுத்தொகை அச்சுச் செலவுக்கு உதவக்கூடும் என்பதால், இஃது உண்மையான இழப்பே. ஆயினும் போட்டி அடுத்த ஆண்டும் வரும். என் புதினத்தில் வரும் முதியவர்கள் அதுவரை இருப்பார்களா?

மூன்றாவது, 'பாதியில் நின்றுவிடும்' என்பது. இதுவே வலுவான தடை. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 2000-ஆம் ஆண்டில் 'தி பிளான்ட்' என்னும் கதையை, வாசகர் விரும்பிச் செலுத்தும் பணத்தை நம்பி, இணையத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஆறு பகுதிகளோடு அது நின்றது, இன்றுவரை முற்றுப்பெறவில்லை. மாறாக, ஜெயமோகன் 2014 சனவரியில் தொடங்கிய 'வெண்முரசு' நாளுக்கோர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்து, 26 நாவல்களாக 2020-இல் நிறைவுற்றது. எனவே, குறை இணையத்தில் இல்லை. முடிக்கும் உறுதி இருக்கிறதா என்பதே கேள்வி.

தொடருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஆண்டி வெயர் 'தி மார்சியன்' புதினத்தைத் தம் அகப்பக்கத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டபோது, அறிவியல் அறிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினர், அவரும் திருத்திக்கொண்டார். 2014-இல் அது பெரிய பதிப்பகத்தின் அச்சு நூலாகவும் வந்தது. பால் நிறுக்கும் கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்பதை என்னைவிட அங்கு வேலை செய்தவர்கள் அறிவர். அவர்கள் திருத்தட்டும். ஆனால், கதையின் முடிவை வாசகர் விருப்பத்திற்கு மாற்றலாகாது. மாணவர் கட்டுரையில் எழுத்துப்பிழையைத் திருத்தலாம். அவன் கருத்தை நாம் எழுதித் தரலாமா?

ஆதலின் என் முடிவு இதுதான். தொடராகவே வெளியிடுவேன், ஆனால், கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்த பின்னரே முதல் அத்தியாயம் வெளிவரும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குள் எஞ்சிய இரண்டையும் முடித்தாக வேண்டும். 'தொடரும்' என்று எழுதுவது வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. அதைக் காக்க முடிந்தவர் துணிந்து தொடங்கலாம். அச்சு நூல் பிறகு வரட்டும். படிக்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கதை அவர்களிடம் போய்ச் சேரட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்