பயன்பாடு என்றால் யாருக்கு?

எங்கள் துறையில் எம்.ஏ. பயன்பாட்டு ஆங்கில மொழியியலின் பாடத்திட்டத்தை மாற்றி எழுதுகிறோம். இங்கிலாந்து மேட்டுக்குடி உச்சரிப்புக்கான தாளை எடுத்துவிடலாம் என்றேன். "தரம் போய்விடும்" என்றார்கள். (இட ஒதுக்கீடு என்றதும் வருமே, அதே 'தரம்'.) முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அதிகம் தோற்பது அந்தத் தாளில்தான். கறுப்பினக் குழந்தைகள் பேசும் ஆங்கிலம் குறையுள்ளதல்ல, அதற்கும் இலக்கணம் உண்டு என்று வில்லியம் லபோவ் 1969இலேயே எழுதிவிட்டார். அதையும் நாங்கள்தான் பாடமாக நடத்துகிறோம்!

அந்தத் தாளின் இடத்தில் நான் கேட்பது நீதிமன்ற ஆங்கிலம். சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலம்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தவர், தன் வழக்கின் தீர்ப்பைப் புரிந்துகொள்ள வக்கீல் தயவுக்குக் காத்திருக்கிறார். அதை அவருக்குத் தமிழில் விளக்கி எழுதும் பயிற்சிக்கு நான்கு கிரெடிட் கேட்டேன்.

"இது மொழியியலா?" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.