சொல்லிட்டுக் கிழிங்க

என் துணைவிக்கு இது ஏழாம் மாதம். தலைச்சன் பிறந்து இரண்டு வருசம் எட்டு மாசம் ஆகிறது, சிசேரியன். 'ஒருக்கா கிழிச்சா அப்புறம் எல்லாம் கிழிச்சுத்தான்' என்று அதே தனியார் மருத்துவமனையில் இப்போதே தேதி கேட்கிறார்கள். நல்ல நாள் பார்த்துச் சொல்லலாமாம், பஞ்சாங்கத்தோடு.

இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் சொன்னது. முதல் தடவை கிழிக்குமுன் யோசியுங்கள் என்ற எச்சரிக்கையாகவே சொன்னார். அன்று கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கிழித்தார்கள். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக. இப்படி ஒரே தழும்புள்ள, வேறு சிக்கல் இல்லாத பெண்கள் முயன்றால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரியும். பிரிந்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. இதை மறைத்துப் பேசுவது மோசடி. திரும்பத் திரும்பக் கிழித்தால் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேர்விடும் ஆபத்து கூடும் என்பதை மறைப்பதும் மோசடிதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்கு 64 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. அத்தனை பேருக்குமா இடுப்பு சிறுத்துப்போச்சு?

கணக்குப் பார்த்து முடிவெடுக்கக் காகிதம் வேணும் தோழர்களே. எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று நாலெழுத்து இருக்கிறது. கீழ்ப்பகுதியில் கிழித்தது என்று அர்த்தம். வெளித்தோல் தழும்பை வைத்து உள்ளே கிழித்த விதத்தைச் சொல்ல முடியாது என்பதால் அந்த நாலெழுத்தாவது மிச்சம். ஏன் கிழித்தார்கள் என்பது இல்லை. பிள்ளை தலை திரும்பாமல் கிடந்ததா? வலி வந்தும் வாய் திறக்கவில்லையா? முதலாவதுதான் காரணமென்றால் இந்த முறை சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுதல்.

காசோலைக் கையெழுத்தில் ஒரு சுழி மாறினால் திருப்பி அனுப்புகிற வங்கிக் குமாஸ்தா நான். அன்று ராத்திரி நீட்டிய ஆங்கிலத் தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 'எந்தத் தெரு?' என்று கேட்ட நர்சம்மாவிடம் தெருவைச் சொன்ன பிறகு எனக்குக் கேள்வி கேட்க வாய் வரவில்லை. கவிதையில் எவ்வளவு கலகம் பண்ணியவன்! அவளிடம் யாரும் கையெழுத்துகூடக் கேட்கவில்லை, நான் உட்பட.

'நம்ம ஆத்தாக்கள் வயக்காட்டுல பெத்துட்டு நாத்து நட்டாங்க' என்கிறார் இயக்க நண்பர் ஒருவர். எங்க அப்பாயி ஒன்பது பெத்து அஞ்சைப் பொதைச்சா. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கும் தொப்புள்கொடி அறுத்தவள். அறுத்த கையால் அந்த வீட்டுப் பானையில் தண்ணி மொள்ள முடியாது. அவள் கைப்பக்குவத்தை மதிக்கிறேன். ஆனால் தழும்புள்ள வயிற்றோடு வீட்டில் பெறுவது கலகமல்ல. 24 மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் இருக்கிற இடம் வேண்டும். அரசு மருத்துவமனைச் சீமாங்க் மையங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. அங்கே போவதென்று முடிவு. ராத்திரி வலி வந்தால் எந்த வண்டி, ரத்தம் கொடுக்க யார், உள்ளே கூட இருப்பது அவள் அம்மாவா அக்காவா என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். மற்றதை அவளே சொல்லிவிட்டாள்: 'முயற்சி பண்ணிப் பாக்குறேன். ஆகலைன்னா கிழிக்கட்டும். எங்கிட்ட சொல்லிட்டுக் கிழிக்கட்டும்.'

2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்; கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். எங்களுக்கு இன்னும் நாலு மாசம் பாக்கி. பழைய மருத்துவமனைக்கு மனு எழுதியாச்சு. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கையெழுத்து அவள்தான் போட்டிருக்கிறாள்.