பூட்டும் சாவியும் யாரிடம்?

பெங்களூர் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்புடன் தொடங்கப்பட்டது. அந்தக் கடிகாரக் கம்பெனியை மூடிவிடுவது என்று 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவு செய்தது. கம்பெனி போயிற்று. ஆனால் அது செய்த ‘ஜனதா’ கடிகாரம் இன்றும் எத்தனையோ கைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தினம் ஒரு முறை சாவி கொடுத்தால் போதும். நின்றுவிட்டால் கடைத்தெருவில் ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறந்து சரி செய்து கொடுப்பார்.

இதே பெங்களூரில் 2020-ல் ‘கூ’ என்ற சமூக வலைத்தளம் பிறந்தது. கன்னடம், தமிழ் என்று இந்திய மொழிகளில் எழுத இடம் கொடுத்தது. அதை மூடுவதாக அதன் நிறுவனர்கள் 2024 ஜூலையில் அறிவித்தார்கள். கம்பெனி நின்றது, அத்துடன் சேவையும் நின்றது. அதற்கு முன், ஒரு காலத்தில் இந்திய இளைஞர்கள் மொய்த்துக்கொண்டிருந்த ‘ஆர்குட்’ 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரண மக்கள் கவனிக்க வேண்டும். கடிகாரம் வாங்கிய பொருள். மற்றவை இரவல். இரவல் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ரயில்வே சாமான் அறை

‘கிளவுட்’ என்கிறார்கள். மேகம் என்றதும் ஏதோ ஆகாயத்தில் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. அது வேறொன்றுமில்லை, இன்னொருவருடைய கட்டடத்தில் உள்ள இன்னொருவருடைய கம்ப்யூட்டர். ரயில் நிலையத்தின் ‘கிளோக் ரூம்’ போன்றதுதான். பெட்டியைக் கொடுத்தால் ரசீது கிடைக்கும். நாள் கணக்கில் கட்டணம் உண்டு. நெடுநாள் யாரும் கேட்டு வராத சாமான் உடையவருக்கு இல்லாமல் போகும்.

கூகுள் கணக்கு வைத்திருப்பவருக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம். கடிதம், படம், கோப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குறிப்பிட்ட தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1-ல் முடிந்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதி 2023 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அப்பா காலமானபின் அவர் கணக்கை யாரும் திறக்கவில்லையென்றால், அதிலுள்ள படங்களுக்கும் கெடு உண்டு என்பதே இதன் பொருள்.

ஒரு விஷயத்தில் ரயில்வே மேல். பூட்டுப் போடாத பெட்டியைக் கிளோக் ரூமில் ஏற்பதில்லை. சாவி பயணியின் இடுப்பில் இருக்கும். கிளவுடிலோ பெரும்பாலும் பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களிடம்.

சிம் மாறினால்

பெரிய கம்பெனிகள் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் வைத்திருக்கின்றன. அவர்கள் டிஸ்க் பழுதாகிப் படம் அழிவது அபூர்வம். இதை மறுப்பதற்கில்லை. வெளியூர்த் தொழிலாளிக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. ஊர் மாறும்போதும், சலுகை பார்த்தும் அவர் சிம் மாற்றுகிறார். ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் இடைவெளிக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். பாஸ்வேர்டை மறந்தவர் ‘ஓ.டி.பி.’ கேட்டால் அது யாரோ ஒருவரின் போனுக்குப் போகும். தன் வீட்டுக் கல்யாணப் படத்தைப் பார்க்கத் தன்னை யாரென்று நிரூபிக்க முடியாமல் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

போனுக்குள் இருப்பது கல்யாணப் படம் மட்டுமல்ல. ஊரிலுள்ள நிலத்தின் பட்டா நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட், மறைந்த தாயாரின் குரல் எல்லாம் அந்த ஆறங்குலப் பெட்டிக்குள்தான்.

அரசாங்கமே வைத்திருந்தால் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தகவல் மையம் ஒன்றில் 2025 செப்டம்பரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த கிளவுடில் 858 டெராபைட் எரிந்துபோயிற்று. அதற்கு வெளியே வேறு பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டின் கதை இது.

வீட்டிலேயே வைத்தால்?

அதனால்தான் சிலர் வீட்டிலேயே ‘சர்வர்’ வைத்துக்கொள்கிறார்கள். இது ஏதோ பணக்காரர் விளையாட்டு அல்ல. திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று போதும். சர்வருக்குத் திரை தேவையில்லை. பாட்டரி நன்றாக இருந்தால் கரண்ட் போகும்போதும் சிறிது நேரம் தாங்கும். டிஸ்க் வாங்க எஸ்.பி. ரோடு இருக்கிறது. லினக்ஸ், நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. 20 வாட் இழுக்கும் லேப்டாப் இரவு பகலாக ஓடினாலும் மாதம் சுமார் 14 யூனிட்தான் ஆகும்.

ஆனால் இதை மந்திரம்போல் சொல்பவர்கள் மறைக்கும் சங்கடங்களும் உண்டு. பல இன்டர்நெட் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒரே கதவு எண்ணில் பத்து ஒண்டுக்குடித்தனம் இருந்தால் தபால்காரர் திண்டாடுவதுபோல், வெளியிலிருந்து அழைத்தால் வீட்டுச் சர்வர் கிடைப்பதில்லை. சுற்று வழியில் கதவைத் திறந்துவிட்டாலோ திருடனும் அதே வழியில் வருவான். மென்பொருளை அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் ஆபத்து அதிகம். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்கு இது இன்னொரு வேலை.

வீடு என்பதும் அழியாத இடமல்ல. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, வீட்டையும் அதிலிருந்த காகிதங்களையும் ஒருசேர இழந்த தமிழ்க் குடும்பங்களைப் பெங்களூர் அறியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைவாசிகள் இழந்த ஆவணங்களைத் திரும்ப வழங்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே கிளவுடா, வீடா என்பதல்ல கேள்வி. எந்த ஒன்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதே பாடம். முக்கியமானவற்றின் ஒரு பிரதி வீட்டு டிஸ்கில் இருக்கட்டும். இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அண்ணன் வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வரலாம். அடுத்த பொங்கலுக்குப் புதிய நகல். மூன்றாவது பிரதி கிளவுடில் இருந்தால் இருக்கட்டும். அப்போது அது எஜமானன் அல்ல, வேலைக்காரன்.

சர்வர் வைக்க முடிந்தவர்கள் வைக்கட்டும். முதலில் வீட்டுக்குள் மட்டும் ஓடட்டும். வீடு திரும்பியதும் போன் தானே வைஃபை வழியாகப் படங்களை அதில் இறக்கிவிடும். வெளிக்கதவைத் திறக்கும் அவசரம் வேண்டாம். வருமான வரிப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கும் தொழிற்சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையும் சொல்லிக்கொடுத்தால் என்ன? கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை.

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள், ஊர் நினைவையாவது பிறரிடம் அடகு வைக்காமல் இருக்க வேண்டும். பெட்டியை எங்கே வைத்தாலும் சாவி தம் இடுப்பில் இருக்கட்டும்.