காது வெட்டின நாயும் காலைத் தூக்கும்

1/ இன்னைக்கு த்ரெட் நாய் மூத்திரத்தைப் பத்தி. சிரிக்காதீங்க. விஷயம் கடைசியில மனுஷ உயிர்ல வந்து நிக்குது. முதல்லயே சொல்லிடறேன், நான் கால்நடை மருத்துவர் இல்லை. தேனி மாவட்டத்துல அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். ஆனா நாய்க்கடி பார்க்காத டூட்டி எனக்கு அநேகமா கிடையாது.

2/ போன மாசம் ஒரு அண்ணன் கால்ல பல் பட்ட காயத்தோட வந்தாரு. ரத்தம் வந்திருக்கு. டிடி ஊசி மட்டும் போடச் சொன்னாரு. "நாய் ஊசி வேணாம் டாக்டரே, அது காது வெட்டின நாய்தான். ஆபரேஷன் பண்ணி விட்டது" என்றார். அஞ்சு நிமிஷம் பேசித்தான் சம்மதிக்க வைக்க முடிஞ்சது.

3/ அதே வாரம் தெரிஞ்ச ஒரு அக்கா. வீட்டில் கோம்பை கலப்புல ஒரு ஆண் நாய். கேட், பைக் டயர், துளசி மாடம்னு எல்லாத்துலயும் காலைத் தூக்குதுன்னு ஆபரேஷன் பண்ணாங்க. ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் தூக்குது. "காசும் போச்சு, ஆபரேஷனும் ஃபெயில். பைபாஸ் பக்கம் கொண்டு போய் விட்டுடலாம்னு வீட்ல சொல்றாங்க" என்றார்.

4/ ரெண்டு பேரும் செஞ்சது ஒரே தப்புதான். அந்த ஆபரேஷன் என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரியாம, எல்லா வேலையையும் அது தலையில ஏத்திட்டாங்க. ஒருத்தர் அது ரேபிஸைத் தடுக்கும்னு நம்பினாரு. இன்னொருத்தர் மூத்திரத்தை நிறுத்தும்னு நம்பினாங்க.

5/ முதல்ல மூத்திரம். நாய் ரெண்டு காரணத்துக்காகப் போகும். ஒண்ணு, பை நிறைஞ்சா. இன்னொண்ணு, செய்தி சொல்ல. ஒவ்வொரு கம்பத்திலும் நாலு சொட்டு விட்டுட்டுப் போகுதே, அது ரெண்டாவது வகை. "நான் இங்க வந்தேன், இது என் ஏரியா" என்று மத்த நாய்களுக்கு எழுதி வைக்கிற வாசனைக் கடிதம்.

6/ விதையை எடுத்ததும் டெஸ்டோஸ்டீரோன் சீக்கிரமே இறங்கிடும். ஆனா பழக்கம் அதே வேகத்துல இறங்காது. வாரங்கள், சில நாய்களுக்கு மாசங்கள்கூட ஆகும். சிலதுல நிக்கவே நிக்காது. காரணம், ஆண் நாயின் மூளை இந்தப் பாட்டையில போகத் தயாராகிறது பிறப்பை ஒட்டிய காலத்துலயே. அதுக்கு மேல வருஷக் கணக்கில் பழகின பழக்கம் வேற.

7/ மனுஷ உதாரணம் சொல்றேன். புராஸ்டேட் புற்றுநோய்க்காக விதைகளை அகற்ற வேண்டி வரும் பெரியவர்கள் உண்டு. அவங்க குரல் திரும்பக் கீச்சுக்குரல் ஆகிடுமா? ஆகாது. வயசுக்கு வந்தப்ப ஹார்மோன் உடைச்ச குரல் உடைஞ்சதுதான். நம்ம ஊர் விவசாயிங்களுக்கு இதைவிட நல்லா புரியும். காயடிச்ச காளை சாந்தமாகும், கொம்பு உதிர்ந்திடாது.

8/ இது என் சொந்தக் கருத்து இல்லை. 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ் ஆய்வாளர்கள் வளர்ந்த ஆண் நாய்களைப் பார்த்தாங்க. ஆபரேஷனுக்குப் பிறகு ஊர் சுத்துறது குறைஞ்சது சுமார் 90% நாய்களில். வீட்டுக்குள்ள மூத்திர அடையாளம் வைக்கிறது குறைஞ்சது பாதி நாய்களில்தான். 1997-ல் 57 நாய்களை வைத்து வந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்லுது: பெரும்பாலான நாய்களில் குறையும், சுத்தமா நிக்கிறது கொஞ்ச நாய்களில்தான்.

9/ அதனால அந்த அக்காவோட நாய்க்கு ஆபரேஷன் ஃபெயில் ஆகலை. இனி செய்ய வேண்டியது பயிற்சி. அடிக்கடி வெளிய கூட்டிப் போங்க. வீட்டுக்குள்ள போன இடத்தை சோப்புத் தண்ணி போட்டு வாசனை போகக் கழுவுங்க. அம்மோனியா நெடி உள்ள கிளீனர் வேணாம், அதுவே நாய்க்கு மூத்திர வாசனை மாதிரி இருக்கும். அடிக்காதீங்க. அடிச்சா நிறுத்தாது, உங்களுக்குத் தெரியாத இடத்துல போகும்.

10/ ஒரு எச்சரிக்கை. நல்லா இருந்த நாய் திடீர்னு அடிக்கடி போனாலோ, ரத்தம் கலந்து போனாலோ அது பழக்கம் இல்லை, நோயா இருக்கலாம். கிருமித் தொற்று, கல், சர்க்கரை, கிட்னி எதுவும் இருக்கலாம். முக்கி முக்கி நின்னும் சொட்டு வரலைன்னா அது எமர்ஜென்சி. அன்னைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க.

11/ அடுத்து பலர் கேட்கிற கேள்வி. நாய் மூத்திரம் பட்டா ரேபிஸ் வருமா? வராது. ரேபிஸ் எச்சில் வழியா வர்ற நோய். கடி, கீறல், காயத்துல நக்கல், இதுதான் முக்கிய வழி. வாசல்ல நாய் மூத்திரம் போனதுக்காக யாரும் ஊசி போட ஓடி வர வேண்டாம். கழுவினா போதும்.

12/ ஆனா மூத்திரத்துல பரவுற வேற ஒண்ணு இருக்கு: எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். பெரும்பாலும் எலி, ஆனா மாடு, நாய் மூத்திரத்திலும் வரலாம். முல்லைப் பெரியாறு தண்ணியில இருபோகம் விளையற கம்பம் பள்ளத்தாக்குல, சேத்துல வெறுங்காலோட நாத்து நடுறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை இருந்தா மெடிக்கல் ஷாப் மாத்திரையோட நிறுத்தாதீங்க. வயல்ல இறங்கினதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. சீக்கிரம் வந்தா சாதாரண ஆன்டிபயாட்டிக்லயே குணமாகும்.

13/ இப்ப முக்கியமான விஷயம், காது வெட்டு. தெருநாய் கருத்தடை நேத்து வந்ததில்லை. சென்னை புளூ கிராஸ் 1964-லயே தொடங்கினது. 1996-ல் சென்னை மாநகராட்சி கையில் எடுத்தது. 2001-ல் மத்திய அரசு விதி வந்தது, 2023-ல் புது விதி. ஆபரேஷன் பண்ணும்போதே ரேபிஸ் தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்குக் காதுல வெட்டி, பிடிச்ச இடத்துலயே விடணும்னு அந்த விதி சொன்னது. 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவும் இதையே சொன்னது, ரேபிஸ் உள்ள நாய், மூர்க்கமான நாய் தவிர.

14/ கவனிங்க. காது வெட்டு "ஆபரேஷன் ஆச்சு" என்று சொல்லும். எந்தத் தேதியில ஆச்சுன்னு சொல்லாது. கருத்தடை ஒரு தடவை பண்ணா ஆயுசுக்கும். தடுப்பூசி அப்படி இல்லை, திரும்பத் திரும்பப் போடணும். அஞ்சு வருஷம் முன்னாடி வெட்டின காதும் போன வாரம் வெட்டின காதும் பார்க்க ஒண்ணுதான். அதை நம்பி உயிரைப் பணயம் வைக்கலாமா?

15/ கருத்தடை வேண்டாம்னு நான் சொல்லலை. கண்டிப்பா வேணும். குட்டிகள் குறையும், பெட்டை நாய்க்காகப் போடுற சண்டை குறையும். ஆனா என் கருத்து இதுதான்: எத்தனை ஆபரேஷன் ஆச்சுன்னு கேட்கிற மாதிரியே, இந்த வருஷம் எத்தனை தெருநாய்க்குத் தடுப்பூசி மறுபடி போட்டீங்கன்னும் உங்க நகராட்சியை, ஊராட்சியைக் கேளுங்க. ரேபிஸை நிறுத்துறது கத்தி இல்லை, ஊசி.

16/ எந்த நாய் கடிச்சாலும், வீட்டு நாயோ, தெருநாயோ, காது வெட்டினதோ, வெட்டாததோ: ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீங்க. உடனே வாங்க. 0, 3, 7, 28 நாட்கள்ல ஊசி. ரத்தம் வந்திருந்தா காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் சேர்த்து. அரசு மருத்துவமனையில ஊசி இலவசம். நோய் அறிகுறி வந்துட்டா எங்க கையில எதுவும் இல்லை.

17/ அந்த அண்ணன் நாலு ஊசியும் போட்டு முடிச்சுட்டாரு. அக்கா வீட்டு நாய் இன்னும் அக்கா வீட்லதான் இருக்கு. பைக் டயரை விட்டுடுச்சாம், கேட்டை விடலையாம். இருக்கட்டும். கேட்டைக் கழுவிக்கலாம். ரோட்டுல விடற வீட்டு நாய் பசியிலயும் பயத்துலயும் யாரையாவது கடிக்கும், கடி வாங்கினது உங்க தெருக் குழந்தையாவும் இருக்கலாம். காலைத் தூக்குதுன்னு நாயைக் கைவிடாதீங்க. காது வெட்டியிருக்குன்னு ஊசியைக் கைவிடாதீங்க. உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தடவை போட்டு விடுங்க.