முற்பணம் முடிந்த கணக்கன்று

மாத முடிவிலே கைக்கு வரும் சம்பளச் சீட்டை எம்மவருள் எத்தனை பேர் முழுவதும் படிக்கின்றனர்? வங்கியிற் சேர்ந்த தொகையைப் பார்ப்பர். அது சென்ற மாதத்திலும் குறைந்திருந்தால் பெருமூச்சு விடுவர். "அரசாங்கம் எடுத்துவிட்டது" என்று சொல்லி அமைவர். மரக்கறிச் சந்தையிலே பத்து ரூபாவுக்கு வழக்காடும் நாம், பல்லாயிரம் ரூபா கழிக்கப்படும்போது வாய்மூடி இருப்பது ஏன்? வரியென்பது மேலிடத்துக் கட்டளை, ஊழியர் அதைக் கேள்வி கேட்க இயலாது என்ற எண்ணமே காரணம். அவ்வெண்ணம் தவறானது.

சம்பளத்திற் கழிக்கப்படும் வரியின் பெயரையே நோக்குங்கள்: முற்பணத் தனிநபர் வருமான வரி. முற்பணம் என்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதே பொருள். ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31இல் முடியும் மதிப்பாண்டின் வருமானம் முழுவதையும் கூட்டிப் பார்த்த பின்னரே உண்மையான வரி தெரியவரும்.

பிரித்தானியாவில் தொழில் புரியும் எம் பிள்ளைகளுக்கு வரித் திணைக்களமே ஆளுக்கொரு குறியீடு வகுக்கின்றது. 1257 எல் என்பது ஆண்டுக்கு 12,570 பவுண் வரியற்றது என்பதைக் குறிக்கும். குறியீடு பிழையெனில், ஊழியர் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்துவிக்கலாம். இலங்கையில் அத்தகைய தனிக் குறியீடு இல்லை. பொதுவான அட்டவணைகளைக் கொண்டு தொழில்தருநரே மாதந்தோறும் கழிக்கின்றார். ஆகவே இங்கே விழிப்பு ஊழியரிடமே இருத்தல் வேண்டும்.

அட்டவணையும் அடிக்கடி மாறியது. 2020 ஏப்ரலில் ஊழியரின் சம்மதத்தோடு மட்டும் கழிக்கப்பட்ட இவ்வரி, 2023 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. அப்போது மாதம் ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்தில் வரி விழுந்தது. 2025 ஏப்ரல் முதல் அவ்வெல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. மாதம் இரண்டு இலட்சம் பெறுபவர் முன்னர் கொடுத்தது 10,500 ரூபா. மாற்றத்தின் பின் கொடுக்க வேண்டியது 3,000 ரூபா. உங்கள் சீட்டில் எத்தொகை கழிக்கப்பட்டிருக்கின்றது என்று பார்த்தீர்களா?

அட்டவணை சரியாயிருந்தும் கழிப்பு மிகுதியாவதுண்டு. அதே இரண்டு இலட்சம் சம்பளத்தில் ஒக்டோபர் மாதம் முதன்முதலாக வேலையேற்ற ஓர் இளம் பொறியியலாளரை எடுத்துக்கொள்வோம். மார்ச் வரையும் மாதம் 3,000 ரூபாவாக 18,000 ரூபா கழிக்கப்படும். ஆனால் அவருடைய ஆறு மாத வருமானம் 12 இலட்சமே. ஆண்டுக்குரிய தனிநபர் நிவாரணமோ 18 இலட்சம். வேறு வருமானம் இல்லையாயின் அவர் கொடுக்க வேண்டிய வரி ஒரு சதமும் இல்லை! அந்த 18,000 ரூபா அவருடைய பணம். கேட்டால் வரும், கேளாதிருந்தால் திறைசேரியிலேயே கிடக்கும்.

மறுபுறமும் உண்டு. இரண்டு இடங்களில் ஊழியம் புரிபவருக்கு நிவாரணம் ஒரு முறையே. முதன்மைத் தொழில் எதுவென்று அவர் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். இரு இடத்திலும் நிவாரணம் பெற்றவர், இன்று மகிழ்ந்தாலும், நாளை நிலுவையும் தண்டமும் கட்ட நேரும்.

விவசாயப் பெருமக்கள் இது உத்தியோகத்தர் சங்கதி என்று ஒதுங்குதல் ஆகாது. வெங்காயமும் நெல்லும் விற்றுச் சேர்த்த பணத்தை வங்கியிலே நிலையான வைப்பில் இட்டால், 2025 ஏப்ரல் முதல் வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் கழிக்கப்படுகின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர், வரி அடையாள இலக்கத்துடன் வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் அக்கழிப்பைத் தவிர்க்கலாம்.

செய்யவேண்டியது மிகச் சில. சீட்டிலே பிழை கண்டால் சம்பளப் பகுதிக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்ததும் வரிக் கழிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மிகுதியாகக் கழிக்கப்பட்டிருந்தால், நவம்பர் 30ஆம் திகதிக்கு முன் வருமான விபரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பித்து மீளளிப்புக் கோருங்கள். ஆங்கிலம் தெரியாதென்று அஞ்சவேண்டாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழிலே எழுதித் தமிழிலே விடை பெறுவது எமது உரிமை. பயன்படுத்தாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

வரி கொடுக்க மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. வீதியும் வைத்தியசாலையும் பாடசாலையும் வரிப்பணத்தாலேயே நடைபெறுகின்றன. கொடுக்க வேண்டியதைச் சதம் குறையாமற் கொடுப்போம். மிகுதியாய் எடுக்கப்பட்டதைச் சதம் விடாமற் கேட்போம். தன் சம்பளச் சீட்டின் கணக்கைக் கேட்கத் துணியாதவன், நாட்டின் வரவுசெலவுக் கணக்கை எங்ஙனம் கேட்பான்?