3 வருட வொரண்டி, 3 மாத முறைப்பாடு



உங்கள் வீட்டில் யாராவது அண்மையில் புதுக் காரோ புது மோட்டார் சைக்கிளோ வாங்கியிருந்தால் இதைக் கடைசி வரை வாசியுங்கள். நீளம்தான். வகுப்பில் பாடம் நடத்திப் பழகிய ஆளுக்குச் சுருக்கமாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்ட பிறகு நம்மட பக்கமும் ஷோரூம் வாகனங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஐந்து வருடமாகப் பழையதையே கைமாற்றி ஓட்டிய சனத்துக்கு வொரண்டி என்ற ஒன்று இருப்பதே மறந்து போயிருக்கிறது. வாங்கும்போது விலை, கலர், மாதத் தவணை மூன்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். வொரண்டிப் புத்தகத்தைக் கையில் தந்தால் டேஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வொரண்டி இருந்தும் கைக்காசு கட்டி ரிப்பேர் செய்கிற நம்மட ஆக்களில் பலர் நியாயம் இல்லாமல் தோற்பதில்லை. அந்த நியாயத்தை வாயாலேயே சொல்லிக்கொண்டு திரிந்ததால் தோற்கிறார்கள். போனில் கத்துவோம். ஷோரூமில் போய்ச் சத்தம் போடுவோம். பிறகு கொழும்பில் தெரிந்த ஒருவரைப் பிடிப்போம், எம்.பி.யின் ஆளைப் பிடிப்போம். அவரும் ஒரு கோல் எடுப்பார். "பார்த்துச் செய்வோம் சேர்" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டு மாதம் காத்திருப்போம். கம்பனிக்கு வேண்டியது அந்த இரண்டு மாதம்தான்.

ஏன் என்று சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நமக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாவிட்டால் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். சபை விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். பணம் கட்டச் சொல்லியும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிடலாம். நல்ல கதவு. ஆனால் அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது: முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

விற்ற நாளிலிருந்து. பழுதான நாளிலிருந்து இல்லை. கம்பனி கையை விரித்த நாளிலிருந்தும் இல்லை.

இது எங்கட வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் காக்கா கட்டாரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்து, லீசிங் போட்டு ஒரு சின்னப் புதுக் கார் எடுத்தார். முக்கிய காரணம் வாப்பா. மாதம் ஒருமுறை கண்டிக்கு கிளினிக். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிற நிலை இல்லை. வாங்கி ஏழாவது கிழமை, வாப்பாவையும் உம்மாவையும் ஏற்றிக்கொண்டு மஹியங்கனையால் ஏறும்போது, 18 வளைவில் நடுவழியில் கார் இழுவை விட்டது. எஞ்சின் லைட் எரிகிறது, அக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் வருகிறது. பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கிறான். அந்த வளைவுகளில் ஓட்டியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

கண்டியில் உள்ள முகவரின் வேர்க்‌ஷொப்பில் கொண்டுபோய்க் காட்டினார். கம்பியூட்டர் போட்டுப் பார்த்து, லைட்டை அணைத்து, "இப்ப சரி" என்று கொடுத்துவிட்டார்கள். ஜொப் கார்ட்டில் எழுதியிருந்தது "பொதுப் பரிசோதனை" என்று மட்டும், அதுவும் ஆங்கிலத்தில். ஏற்றத்தில் இழுவை இல்லை என்று காக்கா சொன்ன ஒரு சொல்லும் அதில் இல்லை. கையெழுத்து மட்டும் இருக்கிறது. பத்து நாள் கழித்து அதே பழுது. இந்தமுறை ஐந்து நாள் வைத்திருந்து முடிவு சொன்னார்கள்: "உங்கட பெற்றோல் சரியில்லை. இன்ஜெக்டர் அடைச்சிருக்கு. இது வொரண்டியில வராது." ஒரு லட்சத்துக்கு மேல் ஒரு தொகையும் சொன்னார்கள்.

இதற்குப் பிறகுதான் காக்கா என்னிடம் வந்தார். ஊரில் வாத்தியார் என்றால் கடிதம் எழுதுகிற ஆள் என்று ஒரு கணக்கு இருக்கிறதுதானே. பில்லைப் பார்த்தேன். வாங்கி 71 நாள்.

கடிதத்தில் கோபம் ஒன்றும் எழுதவில்லை. மூன்று விஷயம் கேட்டோம். வொரண்டியில் வராது என்றால் புத்தகத்தின் எந்த வாசகத்தின்படி வராது என்று எழுத்தில் தாருங்கள். பெற்றோல் பிழை என்றால் தாங்கியிலிருந்து மாதிரி எடுத்த திகதி, எடுக்கும்போது நின்றவர், பரிசோதித்த இடம், அதன் அறிக்கை எங்கே? இரண்டு ஜொப் கார்ட்டினதும் கம்பியூட்டர் பரிசோதனையினதும் பிரதிகளைத் தாருங்கள். ஏழு நாளுக்குள் பதில் இல்லாவிட்டால் அதிகார சபைக்குப் போவோம் என்று கடைசி வரியில் போட்டோம். பதிவுத் தபாலில் வேர்க்‌ஷொப்புக்கு ஒன்று, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, லீசிங் கம்பனிக்கு ஒரு பிரதி.

லீசிங் கம்பனிக்கு ஏன் என்று காக்கா கேட்டார். தவணை முடியும் வரைக்கும் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள்தான். அவர்களுடைய சொத்தும்தான் அங்கே கழற்றிப் போட்ட நிலையில் கிடக்கிறது. இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வாகனம் வேர்க்‌ஷொப்பில் கிடக்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்தாதீர்கள். லீசிங் ஒப்பந்தம் வேறு, வொரண்டி வேறு. தவணையை நிறுத்தினால் சண்டை கம்பனியோடு இருக்காது, சீஸ் பண்ண வருகிறவர்களோடு இருக்கும்.

ஏழு நாளில் பதில் இல்லை. 80ஆம் நாள் மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபையின் அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுத்தோம். தமிழில்தான் எழுதினோம். அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதுவது நமது உரிமை, அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கம்பனிக்கு மட்டும் ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம், மொழி விளங்கவில்லை என்று இன்னும் பத்து நாள் கடத்துவார்கள் என்பதுதான்.

நாலாம் நாள் கம்பனியிலிருந்து கோல். மிக மரியாதையாக. "இதுக்கெல்லாம் ஏன் சேர் கன்ஸியூமருக்குப் போறீங்க? நல்லெண்ண அடிப்படையில அரைவாசி நாங்க போடுறம்."

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். எங்கட வீட்டிலும் பெரிய வாக்குவாதம். காக்கா எடுக்கச் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. "நீ கடிதம் எழுதிட்டுப் பள்ளிக்கூடம் போயிருவாய். வாப்பாவ வேன்ல கொண்டு போற காசு யாரு குடுக்கிற? தவணை யாரு கட்டுற?" அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. ஆனால் அரைவாசியைக் கட்டினால், பழுது நம்முடைய பெற்றோலால்தான் வந்தது என்று நாமே கையெழுத்து வைத்த மாதிரி. அடுத்த வருடம் அதே பழுது வந்தால் அதே பதிலைத் தருவார்கள், இந்தப் பில்லையே சாட்சியாகக் காட்டுவார்கள். கடைசியில் உம்மாதான் தீர்த்து வைத்தா: "விசாரணைத் திகதி வரைக்கும் பாருங்க, அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் சண்டை பிடிங்க."

திகதி வருமுன்னே கடிதம் வந்தது. பெற்றோல் அறிக்கை எதுவும் இல்லை. கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. "வாடிக்கையாளர் திருப்திக்காக" முழுவதும் இலவசமாகச் செய்து தருவதாக இருந்தது. போய்ப் பார்த்தால் மாற்றியிருப்பது இன்ஜெக்டர் இல்லை, பெற்றோல் பம்ப். கழற்றிய பம்பைக் காட்டச் சொன்னோம், காட்டினார்கள். பம்புக்குத் தனியாக 6 மாத உத்தரவாதம் எழுத்தில் வாங்கினோம். வேர்க்‌ஷொப்பில் கிடந்த 31 நாளை வொரண்டியில் கூட்டித் தரச் சொன்னோம், மறுத்துவிட்டார்கள். இரண்டு கிளினிக்குக்கு வேன் பிடித்த காசும் வரவில்லை. அதற்காக இன்னும் இழுத்துக்கொண்டு போக காக்காவுக்குத் தெம்பு இல்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கம்பனியின் பெயரை கொமெண்டில் கேட்காதீர்கள். பெயர் போட்டுப் பேஸ்புக்கில் கிழிப்பது லேசான வேலை. நூறு ஷெயார் வரும், பம்ப் வராது. இன்னொரு முகவரிடம் போனால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

கம்பனிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்மட பொடியன்மார் புது வாகனம் வந்த அடுத்த நாளே அலாரம், ஹோர்ன், லைட் என்று வயரை வெட்டிப் பொருத்துகிறார்கள். பிறகு கரண்டில் பழுது வந்தால் முகவர் கையை விரிப்பதைக் குறை சொல்ல முடியாது. சேர்விஸை விட்டுவிட்டு எஞ்சினுக்கு வொரண்டி கேட்பதும் அப்படித்தான். ஊர் கராஜில் கைராசியான மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், முகவரிடம் உள்ளவர்களை விட நன்றாக வேலை தெரிந்தவர்கள். இருந்தாலும் வொரண்டி முடியும் வரைக்கும் அவர்களிடம் கொடுத்து எதையும் திறக்க வேண்டாம். பிரேக் பேட், கிளச் பிளேட், வைப்பர், பல்ப், ஃபில்டர் போன்ற தேய்கிற சாமான்கள் பொதுவாக வொரண்டியில் வராது. டயருக்கும் பற்றரிக்கும் அதைச் செய்தவர்களின் தனி உத்தரவாதமாக இருக்கும். 3 வருடம் அல்லது 100,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் எது முதலில் வருகிறதோ அதோடு சரி, ஹயர் ஓடுகிறவர்களுக்கு வருடத்துக்கு முன்னமே மீட்டர் முடிந்துவிடும். ஹயருக்கு ஓடினால் வொரண்டியே இல்லை என்றுகூட சில புத்தகங்களில் இருக்கும், வாங்குமுன் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, "பதியாத வாகனம்" என்பதையும் புது வாகனம் என்பதையும் நம்மவர்கள் ஒன்றாக நினைக்கிறார்கள். ஜப்பானில் ஓடி வந்த வாகனமும் இங்கே பதியாமல் இருக்கும். அதற்கு விற்கிறவர் தருகிற உத்தரவாதம்தான், அவர் கடையை மூடினால் அதுவும் இல்லை.

திரும்ப அந்த 3 மாதத்துக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் ஆத்திரம் அதில்தான். 3 வருடத்துக்கு வொரண்டி கொடுக்கலாம், ஆனால் முறைப்பாட்டுக்கு வாங்கிய நாளிலிருந்து 3 மாதம். நாலாம் மாதம் பழுதானவன் என்ன செய்வது? எங்களுக்கு 80ஆம் நாள் வாய்த்தது அதிர்ஷ்டம். அதே பிரிவு சேவையைப் பற்றியும் பேசுகிறது, சேவை கொடுத்த நாளிலிருந்து 3 மாதம் என்று. 32ஆம் பிரிவு சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. அதனால் காலம் கடந்தவர்கள், வேர்க்‌ஷொப்பில் சரியாகச் செய்யாத திருத்தத்தையே ஒரு சேவையாக வைத்து, அந்த ஜொப் கார்ட்டின் திகதியிலிருந்து எண்ணி முறைப்பாடு எழுதிப் பார்க்கலாம் என்பது என் வாசிப்பு. நான் சட்டத்தரணி இல்லை. அதற்குமேல் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது, பொருள் தரமாக இருக்க வேண்டும் என்பது அதிலும் உண்டு. ஆனால் பம்ப் ஒன்றுக்காக வருடக் கணக்கில் கோர்ட் ஏற யாரால் முடியும்?

அந்த வரி மாற வேண்டும். வொரண்டி உள்ள பொருளுக்கு, விற்பனையாளர் மறுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பாராளுமன்றத்தில் நம்மட மாவட்டத்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஷோரூமுக்கு கோல் எடுத்துத் தரச் சொல்லி அவர்களிடம் போவதை விட, இதைக் கேட்டுப் போகலாம்.

அதுவரைக்கும், வாகனம் எடுத்த நாளை கலண்டரில் குறித்து, 90ஆம் நாளையும் குறித்து வையுங்கள். வேர்க்‌ஷொப்பில் நீங்கள் சொன்ன பழுதை நீங்கள் சொன்னபடி எழுதாமல் ஜொப் கார்ட்டில் கையெழுத்து வைக்காதீர்கள், அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள். ஏதும் கேட்க வேண்டுமானால் அதிகார சபையின் இலக்கம் 1977.

கடிதத்தின் மாதிரியைப் பெயர்களை அழித்துவிட்டு வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். பில், ஜொப் கார்ட், வொரண்டிப் புத்தகம் மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள். கராஜில் கழற்றுவதற்கு முன்னால் வாருங்கள்.